பதினொரு இறால் பாக்கெட்

என் ஓர்ப்படியைப் பற்றிச் சொல்வதென்றால், நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேச்சு சூடு பிடித்துவிட்டால் அப்புறம் என் வாயிலிருந்து அது வராது. அவள் சுத்தக்காரி. நேரம் தவறாதவள். யாரையும் எடுத்தெறிந்து பேச மாட்டாள். சொல்லியாயிற்று. இனி என் இஷ்டத்துக்குப் பேசலாம்.

என் வீட்டுக்காரருக்கு ஒரே தம்பி. அந்தத் தம்பியின் மனைவி இவள். இருபது வருஷமாகக் குடும்பத்தில் நான் பெரியவள், அவள் சின்னவள். எங்கள் சொந்தப் பெயரெல்லாம் டாக்டர் எழுதித் தரும் மருந்துச் சீட்டில்தான் இருக்கிறது. இரண்டு வீடும் ஒரே தெருவில். நடுவில் ஒரு தையல் கடை, எப்போதும் பூட்டியே கிடக்கும் ஒரு ஷட்டர், அவ்வளவுதான். அவள் வீட்டில் எண்ணெய் காய்ந்தால் என் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

சின்னவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவள் வேலை. கடுகளவு திருகாணியை இடுக்கியால் எடுத்து ஒரே தடவையில் துளைக்குள் விட்டுவிடுவாள். வீட்டிலும் அந்தக் கை அப்படித்தான். வெங்காயம் நறுக்கினால் எல்லாத் துண்டும் ஒரே அளவு. துணி மடித்தால் இப்போதுதான் கடையிலிருந்து வாங்கி வந்த மாதிரி இருக்கும். அவள் புருஷன், அதாவது என் கொழுந்தன், யாரும் சொல்லாமலே சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறான். என் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். சாப்பிட்ட தட்டிலேயே கையைக் கழுவாமல் எழுந்தால் அன்றைக்குப் பெரிய விஷயம். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் எனக்கு வாய்த்தது இது.

அவளுக்குக் குழந்தை இல்லை. அதைச் சொல்லிக்காட்டி நான் ஒருநாளும் பேசியதில்லை. அந்த ஒரு விஷயத்தில் நான் நல்லவள். மற்ற எல்லாவற்றிலும் பொறாமைக்காரிதான், ஒத்துக்கொள்கிறேன். அவளிடம் இல்லாமல் என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று, என் மகள். இருபத்திரண்டு வயதாகிவிட்டது, இன்னும் எங்களுக்குப் பாப்பாதான். அந்த ஒன்றிலும் சின்னவள் கை வைத்தபோதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதுவும் எதை வைத்து? கட்லெட்டை வைத்து.

எங்கள் குடும்பத்தில் கட்லெட் என்றால் நான்தான். உருளைக்கிழங்கை வேக வைத்து மசித்து, வதக்கிய வெங்காயத்தைச் சேர்த்து, தட்டி, மைதாக் கரைசலில் முக்கி, ரஸ்க் தூளில் புரட்டி எண்ணெயில் போடுவேன். ரஸ்க்கை மிக்ஸியில் மாவு மாதிரி அரைக்க வேண்டும். அதில் ஒரு சிட்டிகை மிளகுத்தூள் கலப்பேன். சின்னவள் கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்குக் கட்லெட் செய்யக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். அந்த மிளகை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டால் அப்புறம் என்னை யார் கூப்பிடுவார்கள்?

போன வருஷம் ஒரு சனிக்கிழமை, பாப்பா அவள் வீட்டிலிருந்து உதடெல்லாம் எண்ணெயாக வந்து நின்றாள்.

"அம்மா, சித்தி கட்லெட் செஞ்சாங்க. மேல அப்படியே செதில் செதிலா, முறுமுறுன்னு. கடிச்சா தெருக்கோடி வரைக்கும் கேக்கும்!"

"நம்ம கட்லெட்டும் முறுமுறுன்னுதானேடி இருக்கும்?"

"இருக்கும்மா. இது வேற."

'இது வேற' என்ற இரண்டு வார்த்தை. வயிற்றில் யாரோ அடுப்பு பற்ற வைத்த மாதிரி இருந்தது.

"அப்படி என்னத்தைப் போடறாளாம்?"

"ஜப்பான் பிரெட் தூளாம். பாங்கோன்னு பேரு. கண்ணாடி ரிப்பேருக்கு வந்த ஒரு ஹோட்டல் சமையல்காரர் சொல்லிக் கொடுத்தாராம். சாதாரணத் தூள் மாதிரி இருக்காதாம். ஓரமே இல்லாத ரொட்டியைத் துருவிக் காய வைக்கறாங்களாம்."

பாருங்கள் அநியாயத்தை. நான் ஒரு பெரிய மளிகைக் கடையில் வேலை பார்க்கிறேன். தள்ளுவண்டியில் சாமான் போட்டுக்கொண்டு போய் பில் போடுகிற மாதிரிக் கடை. ரேக்கில் சரக்கு அடுக்குவதும் தேதி பார்ப்பதும் என் பொறுப்பு. ஒரு நாளைக்கு முந்நூறு பேர் என்னைத் தாண்டிப் போகிறார்கள். ஒருத்தராவது எனக்கு எதையாவது சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா? "சர்க்கரை எங்கம்மா?", "கொஞ்சம் தள்ளிக்கம்மா", இது இரண்டும்தான். அவளுக்கு மட்டும் உடைந்த கண்ணாடியோடு வித்தையும் வந்து சேருகிறது.

அதிலிருந்து சனிக்கிழமை சாயங்காலமானால் பாப்பா சித்தி வீட்டில். நான் என்ன செய்து வைத்தாலும் "வந்து சாப்பிடறேம்மா" என்பாள். வருவாள், சாப்பிட மாட்டாள்.

எங்கே வாங்குகிறாய் என்று சின்னவளிடம் கேட்டிருக்கலாம். ஒரே கேள்வி. ஆனால் நாக்கு எழவில்லை. இருபது வருஷமாக அவள்தான் என்னிடம் கேட்பாள், நான் சொல்வேன். போய்க் கேட்டால் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடாதா? அதனால் என் வீட்டுக்காரரிடம், "உங்க தம்பிகிட்ட பேச்சுவாக்குல கேட்டுப் பாருங்களேன்" என்று சொல்லி அனுப்பினேன். அந்த மனுஷன் வாசலில் நின்றுகொண்டே தெரு முழுக்கக் கேட்கும்படி, "டேய், உன் வீட்டம்மா கட்லெட்டுக்கு என்னவோ போடறாங்களாமே, அது எங்கடா கிடைக்குது?" என்றார். நான் உள்ளே தலையில் அடித்துக்கொண்டேன். கொழுந்தன், "தெரியாதுண்ணே, நான் திங்கறதோட சரி" என்றுவிட்டான். என் நல்ல நேரம், அவள் அப்போது வீட்டில் இல்லை.

பிறகு நானே தேடக் கிளம்பினேன். என் கடையில் கிடையாது என்பது எனக்குத் தெரியும். அங்கே இருப்பது மஞ்சளாக, மணல் மாதிரி இருக்கும் சாதாரண பிரெட் தூள். தெருமுனை பேக்கரிக்காரரிடம் கேட்டேன். "ஜப்பான்லயும் ரொட்டிதானே திங்கறாங்க, இங்கயும் ரொட்டிதானே?" என்று சொல்லி, விற்காமல் கிடந்த ரொட்டி நுனிகளை ஒரு பையில் கட்டிக் கொடுத்தார். எனக்கு வாரத்தில் செவ்வாய்க்கிழமை லீவு. ஒரு செவ்வாய் இரண்டு பஸ் மாறிப் போய் ஊரிலேயே பெரிய கடையில் விசாரித்தேன். அங்கிருந்தவன் ரொம்ப மரியாதையாக நூடுல்ஸைக் கொண்டுவந்து கொடுத்தான். இன்னொரு செவ்வாய் வேறொரு கடை. அங்கே ஓட்ஸ். கால்தான் வீங்கியது.

அப்புறம் ஒருநாள் வேலையில் இருக்கும்போது, நாலாம் நம்பர் ரேக்கில், மீன் ஐட்டங்களுக்குப் பக்கத்தில், இறால் பாக்கெட்டுக்கு விலைச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். இறால் பாக்கெட் என்பது நாங்கள் வைத்த பெயர். பாக்கெட் மேலே வாலோடு பொரித்த இறால் படம் போட்டிருக்கும். எழுத்தெல்லாம் குச்சி குச்சியாக, எங்களில் ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. பின்னால் பொடி எழுத்தில் ஒரு சின்ன வெள்ளைச் சீட்டு. அதில் நான் தேதியை மட்டும் பார்ப்பேன். ஏதோ இறால் பொடி என்று நினைத்து, முதன்முதலில் வந்த சரக்கை மீன் பக்கமாக அடுக்கியதே நான்தான். ஒரு வருஷமாக அது அங்கேதான் இருந்தது.

குதிகால் செருப்பு போட்ட ஒரு அம்மா வந்து, "பாங்கோ எங்கம்மா இருக்கு?" என்றாள்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "இந்த ஊர்லயே கிடையாதும்மா. நான் தேடாத இடம் இல்ல."

அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, என் கையிலிருந்த பாக்கெட்டை உருவிக்கொண்டாள். "கையில வச்சுக்கிட்டே இல்லைங்கறீங்களே!" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள்.

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். எத்தனை பஸ், எத்தனை செவ்வாய்க்கிழமை! இந்தக் கையால் எத்தனை இறால் பாக்கெட் அடுக்கியிருப்பேன்!

அன்று சாயங்காலமே ஒன்று வாங்கிக்கொண்டு போய் வீட்டில் பிரித்துக் கொட்டினேன். வெள்ளை வெளேரென்று, பூப்பூவாக, ஒன்று பெரிதும் ஒன்று சின்னதுமாக இருந்தது. இதுவா? சரியாக அரைபடாத சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. இத்தனை வருஷம் ரஸ்க் அரைத்த கை சும்மா இருக்குமா? மிக்ஸியில் போட்டு ஓட்டினேன். இரண்டு சுற்று போதாதென்று நாலு சுற்று. மாவு மாதிரி ஆனதும்தான் மனசுக்கு நிம்மதி. ஒரு சிட்டிகை மிளகையும் கலந்தேன்.

கட்லெட் வெந்ததும் வீட்டுக்காரர் ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டு, "எப்பவும் போல நல்லாருக்கு" என்றார். அந்த 'எப்பவும் போல'வுக்கு அவரை என்ன செய்திருக்கலாம் என்று இப்போது நினைத்தாலும் கை பரபரக்கிறது.

சின்னவள் எதையோ மறைக்கிறாள், பாப்பாவிடம்கூடப் பாதியைத்தான் சொல்லியிருக்கிறாள் என்று எனக்குள் பொருமிக்கொண்டே மிக்ஸியைக் கழுவிக் கவிழ்த்தேன். பார்த்தால் ஒரு கட்லெட் பாக்கி. அரைத்த தூள் தீர்ந்துவிட்டது. பாக்கெட்டின் அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த ஒன்றுக்காக மறுபடி யார் மிக்ஸி கழுவுவது என்று அப்படியே அரைக்காமல் புரட்டிப் போட்டேன். எண்ணெயில் விழுந்ததுமே அது சிலிர்த்துக்கொண்டு நின்றது. எடுத்து, ஆறவிடாமல், அடுப்படியிலேயே நின்று கடித்தேன்.

என்னத்தைச் சொல்ல! அவ்வளவு நன்றாக இருந்தது. மேலே நொறுங்குகிறது, உள்ளே வெண்ணெய் மாதிரி. ஒரு சொட்டு எண்ணெய் கையில் ஒட்டவில்லை. நன்றாக இல்லையென்றாலாவது பாப்பாவைத் திட்டலாம். பாப்பா சொன்னதில் ஒரு தப்பும் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த வாரம் இன்னும் இரண்டு பாக்கெட் வாங்கினேன். ஒன்றை வைத்து, வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் பழகினேன். அழுத்தக் கூடாது, மேலாக ஒற்றி எடுத்தால் போதும். மிளகும் வேண்டாம்; இதற்கு அது ஒத்துவரவில்லை. கை பழகிவிட்டது. இன்னொரு பாக்கெட்டை அலமாரியில் பத்திரமாக வைத்தேன். ஒரு நல்ல நாள் பார்த்துப் பாப்பாவுக்குச் செய்து போடலாம் என்று காத்திருந்தேன்.

அந்த நாள் வருவதற்குள் பாப்பாவுக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரயில். போனால் ஆறு மாசத்துக்கு லீவு கிடையாது என்று வேலை உத்தரவிலேயே எழுதியிருந்தது. துணி மடித்துக்கொண்டே பாப்பா சொன்னாள்: "அம்மா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் எல்லாரும் நம்ம வீட்லயே சாப்பிடலாம். சித்தியைக் கட்லெட் செஞ்சு எடுத்துட்டு வரச் சொல்லு. வழிக்கும் அதையே கட்டிக்கறேன்."

வழிக்கும்! ரயிலில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தால் யார் கை அதில் இருக்க வேண்டும்? பெற்றவள் கையா, சித்தி கையா? இதை நீங்களே சொல்லுங்கள். பாப்பா கேட்டதை மறுநாள் காலையிலேயே சின்னவளிடம் சொல்லிவிட்டேன். முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டுதான் சொன்னேன். "கட்டாயம்க்கா" என்று அவள் பூரித்துப்போனாள்.

அன்று வியாழக்கிழமை. கடைக்குப் போனதும் நேரே நாலாம் நம்பர் ரேக். ஏழு பாக்கெட் இருந்தது. உள்ளே சரக்கு அறையில் பிரித்த பெட்டியில் நாலு. பதினொன்றையும் ஒரு காலி அட்டைப்பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி, சரக்கு அறையின் மூலையில் பினாயில் பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளினேன். ரேக்கில் அந்த இடத்தில் 'ஸ்டாக் இல்லை' அட்டையை மாட்டினேன். மனசு உறுத்தியதா என்று கேட்டால், உறுத்தவே இல்லை. கொஞ்சம் பாட்டுகூட முணுமுணுத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சின்னவள் வந்தாள். கழுத்தில் கண்ணாடிக் கடை அடையாள அட்டை அப்படியே தொங்கியது. நான் சரக்கு அறைக்குள் நழுவி, இரண்டு பெட்டிகளுக்கு நடுவிலிருந்த இடுக்கு வழியாகப் பார்த்தேன். நேரே நாலாம் நம்பர் ரேக்குக்கே போனாள், வழி தெரிந்தவள் மாதிரி. அட்டையைப் பார்த்துவிட்டு பில் போடும் பெண்ணிடம் என்னவோ கேட்டாள். அந்தப் பெண் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள்: "அக்கா, உள்ளே இறால் பாக்கெட் ஏதாவது இருக்கா?"

பேசாமல் இருந்தால் உள்ளே வந்துவிடுவாளே! மூக்கை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஸ்டாக் இல்லைன்னு சொல்லு!" என்றேன்.

சின்னவள் ஒரு நிமிஷம் நின்றாள். சரக்கு அறைப் பக்கம் பார்த்தாள். பிறகு பிஸ்கட் ரேக்குக்குப் போய் ஒரு ரஸ்க் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு பில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். ரஸ்க்! எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து பாப்பா அறைக்குள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருபது கட்லெட் பொரித்தேன். ஒவ்வொன்றும் பூத்த மாதிரி வந்தது. பன்னிரண்டு மணிக்குக் கொழுந்தனும் சின்னவளும் வந்தார்கள். சின்னவள் ஒரு டப்பாவோடு நேரே சமையலறைக்கு வந்தாள். அடுப்பு மேல் இருந்த என் கட்லெட்டைப் பார்த்தாள். ஜன்னல் ஓரமாகக் கிடந்த காலிப் பாக்கெட்டை, அதிலிருந்த இறால் படத்தைப் பார்த்தாள். நான் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் காலிப் பாக்கெட்டை நாலாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, தன் டப்பாவைத் திறந்து கட்லெட்டை என் தட்டொன்றில் அடுக்கினாள். ரஸ்க் கட்லெட். செந்நிறமாக, எல்லாம் ஒரே வட்டம், ஒரே கனம்.

இரண்டு தட்டையும் மேஜையில் வைத்தோம். பாப்பா வந்து உட்கார்ந்ததுமே வெள்ளைச் செதில் தட்டில்தான் கை வைத்தாள். கடித்தாள். சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"ஐயோ சித்தி! இன்னிக்கு எப்பவும் செய்யறதை விட சூப்பர்!"

வாயைத் திறந்துவிட்டேன். 'அது நான் செஞ்சதுடி' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் பாப்பா அடுத்த தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தாள். மென்றுகொண்டே கண்ணை மூடினாள்.

"அம்மா கட்லெட். இந்த மிளகு வாசனை வேற யாருக்கும் வராது."

அப்புறம் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சித்தி, கோவிச்சுக்காதீங்க. வழிக்கு அம்மாவோடதையே கட்டிக்கறேன். உங்களுது சுடச்சுட இங்கயே முடிச்சிடறேன்."

என்ன மிளகு? அந்த மிளகை நான் யாருக்கும் சொல்லவே இல்லையே! சின்னவளைப் பார்த்தேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்வது? 'அது நான் செய்தது' என்று வெள்ளைக் கட்லெட்டைச் சொந்தம் கொண்டாடினால், 'அம்மா கட்லெட்' கை நழுவிப் போய்விடும். அதை வாங்கிக்கொண்டால் இதை விட வேண்டும். திறந்த வாயை மூடிக்கொண்டேன். சின்னவளும் திறக்கவில்லை. ஆண்கள் இரண்டு பேரும் இரண்டு தட்டையும் ஒரே மாதிரிக் காலி செய்துகொண்டிருந்தார்கள், அவர்களுக்கு எதுவானால் என்ன.

பத்து ரஸ்க் கட்லெட்டை என் டப்பாவில், என் கையால் கட்டினேன். கட்டியது மட்டும்தான் நான்.

ரயில் ஏற்றிவிட்டு வந்ததும் ஆண்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நானும் சின்னவளும் பாத்திரம் கழுவினோம். நான் தேய்க்க, அவள் அலசினாள். அப்போது போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, டப்பாவைத் திறந்துட்டேன். மூணு தின்னாச்சு. பக்கத்து சீட் ஆன்ட்டிக்கும் ஒன்னு கொடுத்தேன், யார் செஞ்சதுன்னு கேட்டாங்க. எங்கம்மான்னேன்." பின்னால் ரயில் சத்தம். "அங்க போனா இதெல்லாம் யாரும்மா செஞ்சு தருவா?"

"பத்திரமாப் போ" என்றேன். போன் நின்றது. சின்னவள் ஒரே தட்டைத் திரும்பத் திரும்ப அலசிக்கொண்டிருந்தாள்.

"சொல்லியிருக்கலாமே நீ" என்றேன்.

"நீங்களும்தான் சொல்லலை."

"மிளகு உனக்கு எப்படித் தெரியும்?"

"வந்த புதுசுலயே பாத்துட்டேன்க்கா. நான் அந்தப் பக்கம் திரும்புற வரைக்கும் காத்திருந்து போடுவீங்க. எனக்கு வேலையே கண்ணாடிக் கடையிலதானே." பிறகு தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்: "எத்தனை பாக்கெட் எடுத்து ஒளிச்சு வச்சீங்க?"

"யாரு ஒளிச்சது?"

"மூக்கைப் பிடிச்சுப் பேசினா குரல் மாறிடுமாக்கா?"

இதற்கு மேல் என்ன நடிப்பது. "பதினொன்னு" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. "என் கடையிலதான் வாங்கறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ? ஒரு வருஷமா நான் ஊர் ஊரா அலையறேன்!"

சிரிப்பு நின்றது. ஈரக்கையைத் துடைக்காமலே சுவரில் சாய்ந்தாள்.

"செவ்வாய்க்கிழமைதான் வந்து வாங்குவேன்க்கா. நீங்க லீவுல இருக்கற நாள்."

"ஏன்?"

"நீங்க பாத்தா நீங்களும் செய்வீங்க. என்னை விட நல்லாவே செய்வீங்க. அப்புறம் பாப்பா எதுக்கு எங்க வீட்டுக்கு வரப்போறா? நீங்க கூப்பிடாமலே அவ உங்க பொண்ணு. எனக்கு ஒரு சனிக்கிழமைக்கு ஒரு கட்லெட் வேண்டியிருந்துச்சு."

அடிப்பாவி, இவளுக்கும் பொறாமையா! துணி மடிக்கிற, திருகாணி கோக்கிற, ஒரு சொல் கடிந்து பேசாத இவளுக்கு! நான் லீவு எடுக்கிற நாளைப் பார்த்து, என் கடைக்குள்ளேயே வந்து, நான் அடுக்கிய ரேக்கிலிருந்தே எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

"நாளைக்கே எடுத்து வெளியில வச்சிடறேன்" என்றேன். "வேணும்னா உனக்கு ரெண்டு தனியா எடுத்து வைக்கட்டுமா?"

"ஒன்னு போதும்க்கா. பாப்பா லீவுல வர்றப்ப செஞ்சுக்கலாம்."

அந்தப் பதினொரு பாக்கெட்டையும் பெட்டியில் போடும்போது பழக்கதோஷத்தில் தேதி பார்த்திருந்தேன். எல்லாம் ஒரே சரக்கு.

"அது நாலு மாசத்துல முடிஞ்சிடும்" என்றேன்.

பாப்பாவுக்கு ஆறு மாசம் லீவு கிடையாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். குழாயை மூட மறந்து நின்றோம். பதினொரு பாக்கெட் இருக்கிறது. யாருக்காக ஒளித்தேனோ, யாருக்காக அவள் தேடி வந்தாளோ, அந்த ஆள் மூன்று கட்லெட்டைத் தின்றுவிட்டு ரயிலில் போய்க்கொண்டிருந்தாள்.

கடைசியில் சின்னவள்தான் குழாயை மூடினாள். "சனிக்கிழமை நாமளே செஞ்சு சாப்பிடலாம்க்கா" என்றாள்.

"யார் வீட்ல?" என்றேன்.